செண்பகவல்லியின் மாஸ்க்

"அந்த அங்கிள் இருக்கிற பக்கம் போகாத. மீனெல்லாம் ஓடிப்போயிடும்."

நல்ல தண்ணீர்த் தொட்டியில் டைவிங் உடுப்பை அலசிக்கொண்டிருந்த கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி தன் தோழியிடம் இதைச் சொன்னாள். தொட்டியின் மறுபக்கம் குனிந்து கேமராவைக் கழுவிக்கொண்டிருந்த ஆவுடையப்பனை அவள் கவனிக்கவில்லை.

ஆவுடையப்பன் நிமிரவில்லை. அவர்கள் போன பிறகும் கேமராவைக் கழுவிக்கொண்டே இருந்தார். உப்பு எப்போதோ போயிருந்தது.

அவர் கோவில்பட்டியில் இருபத்தைந்து வருடமாகக் கல்யாண வீடியோ எடுப்பவர். மனைவி செண்பகவல்லி பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதற்காக மகள்தான் அவர்கள் இருவரையும் அந்தமானுக்கு அனுப்பிவைத்திருந்தாள். ஹேவ்லாக் தீவில் பத்து நாள். முதல் நான்கு நாள் தண்ணீருக்கடியில் மூச்சுவிடக் கற்றுக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பவளப்பாறைக்குப் போய்வந்திருந்தார்கள்.

சொல்லிக்கொடுத்தவள் ஜெசிந்தா. வயது இருபத்தெட்டு. தாத்தா காலத்தில் தூத்துக்குடியிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்த குடும்பம். கடலுக்குள் கூட்டிப்போகிறவர்களை அங்கே டைவ் மாஸ்டர் என்பார்கள். ஐம்பத்திரண்டு வயது ஆவுடையப்பன் அவளை மாஸ்டர் என்று கூப்பிட்டார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள்.

ஜெசிந்தா டைவிங் கடை வாசலில் உட்கார்ந்து அறுந்த வார் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"என்னைக் கண்டா மீன் ஏன் ஓடுது?"

அவள் ஊசியை வாரில் குத்திவைத்தாள்.

"டீ குடிச்சாச்சா?"

"இல்ல."

"போய்க் குடிங்க. வடையும் எடுத்துக்கோங்க. சூடா இருக்கு."

பக்கத்து டீக்கடை பெஞ்சில் செண்பகவல்லி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். ஆவுடையப்பன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வடையைச் சட்னியில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோனார். முகத்தில் பளீரென்று வெள்ளை வெளிச்சம் அடித்தது.

ஜெசிந்தா, அவர் கடலுக்குள் கொண்டுபோகிற வீடியோ லைட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு முழ தூரத்தில் நின்றாள்.

"சாப்பிடுங்க," என்றாள்.

"கண்ணு கூசுது மாஸ்டர்."

"என்னைப் பாக்காதீங்க. எப்பவும்போலச் சாப்பிடுங்க."

அவர் இடப்பக்கம் திரும்பினார். லைட்டும் இடப்பக்கம் வந்தது. வலப்பக்கம் திரும்பினார். அங்கேயும் வந்தது. மெல்லுவதா விழுங்குவதா என்று அவருக்குத் தெரியவில்லை. சட்னி சட்டையில் சொட்டியது.

செண்பகவல்லி சிரித்ததில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

"பந்தியில உக்காந்தவங்கல்லாம் இத்தனை வருஷமா வயிறெரிஞ்சது வீண்போகல," என்றாள். "அப்பளத்தைக் கையில வச்சிக்கிட்டு கடிக்கவும் முடியாம, கீழ வைக்கவும் முடியாம எத்தனை பேரு முழிச்சிருக்காங்க தெரியுமா மாஸ்டர்?"

ஜெசிந்தா லைட்டை அணைத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, வாரைத் தைக்கப் போனாள்.

ஆவுடையப்பன் பாதி வடையோடு உட்கார்ந்திருந்தார். அன்று காலை கடலுக்கடியில் அவர் போனது பந்தி வரிசையில் போவதைப் போலத்தான். ஒரு மீன், ஐந்து விநாடி வெளிச்சம். அடுத்த மீன், ஐந்து விநாடி. பவளத்தைக் கொறித்துக்கொண்டிருந்த மீன் ஒன்று நிறுத்தியபோது, சாப்பிடு சாப்பிடு என்று இடது கையால் சைகைகூடக் காட்டினார்.

மறுநாள் லைட்டை அறையிலேயே வைத்துவிட்டு வந்தார்.

மீன்கள் ஓடவில்லை. கிளிமூக்கு மீன் பவளத்தைக் கடித்துத் துப்புவதை அருகிலிருந்து எடுத்தார். ஆமை ஒன்று அவரைப் பொருட்படுத்தாமல் குறுக்கே போனது. கோயம்புத்தூர்ப் பெண்கள்கூட அவர் பக்கமாக வந்துபோனார்கள். கரையேறிப் படத்தைப் போட்டுப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். பிறகு ஜெசிந்தாவைத் தேடிப் போனார்.

"எல்லாம் நல்லா விழுந்திருக்கு மாஸ்டர். போகஸ் இருக்கு. கலர் இருக்கு. ஆடல, அசையல."

"அப்புறம் என்ன அண்ணாச்சி?"

"யார் எடுத்தாலும் இப்படித்தான் இருக்கும்."

அவர் கேமராவை அணைத்தார்.

"இருபத்தஞ்சு வருஷமா ஊரார் வீட்டுக் கல்யாணம். அவங்க கேட்ட பாட்டு, அவங்க சொன்ன ஷாட்டு. மாமாவை எடு, சித்தியை விட்டுட்டியே, சம்பந்தி வாராரு ஓடு. எனக்கா தோணி எடுத்தது ஒண்ணுகூட இல்ல. சாகுறதுக்குள்ள ஒண்ணு எடுத்துரணும். இங்க எடுக்காட்டி இனிமே எங்க போய் எடுக்க?"

ஜெசிந்தா கடலைப் பார்த்தாள்.

"நாளன்னைக்கு வெளிப்பாறைக்குப் போறோம்," என்றாள். "கொம்புத் திருக்கை வர்ற நேரம் இது. மான்டான்னு சொல்லுவாங்க. றெக்கையை விரிச்சா இந்த வாசலுக்குள்ள நுழையாது."

ஆவுடையப்பன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். இரட்டைக் கதவு போட்ட வாசல்.

"அதுதான் மாஸ்டர். அதை எடுக்கணும்."

"லாக் புக்கைக் கொடுங்க."

டைவ் செய்பவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு லாக் புக் உண்டு. ஏறிவந்ததும் எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், என்ன பார்த்தோம் என்று அதில் எழுத வேண்டும். பக்கத்தின் அடியில் ஒரு கோடு இருக்கும். கூட இறங்கிய துணை அந்தக் கோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கடலில் யாரும் தனியாக இறங்குவதில்லை. ஒருவருக்கு ஒருவர் துணை. அவர் காற்றை இவரும், இவர் காற்றை அவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆவுடையப்பனுக்குத் துணை செண்பகவல்லி.

இரண்டு நாளில் நான்கு தடவை இறங்கியிருந்தார்கள். நான்கு பக்கத்திலும் மீன் பெயர்கள் நுணுக்கி எழுதப்பட்டிருந்தன. அடியில் இருந்த கோடுகள் காலியாக இருந்தன.

"அக்கா கையெழுத்து எங்க அண்ணாச்சி?"

"மறந்திருப்பா."

"மறக்கல," என்றாள் செண்பகவல்லி. அவள் கொடியில் துண்டைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "போடல."

"ஏங்க்கா?"

"சாட்சிக் கையெழுத்துன்னா நேர்ல பாத்தவங்கதான் போடணும். இவரு என்கூட இறங்குனாரு. என்கூட ஏறுனாரு. நடுவுல எங்க இருந்தாருன்னு எனக்குத் தெரியாது."

ஜெசிந்தா அவர் பக்கம் திரும்பினாள்.

"இன்னைக்கு மேல வரும்போது அக்கா சிலிண்டர்ல காத்து எவ்வளவு இருந்துச்சு?"

ஆவுடையப்பன் மனைவியைப் பார்த்தார். மனைவி துண்டை நீவிவிட்டாள்.

"சரி. அக்கா கால்ல மாட்டுற துடுப்பு என்ன கலர்?"

"நீலம்."

"மஞ்சள்," என்றாள் செண்பகவல்லி.

"நேத்து நீலம்."

"நேத்தும் மஞ்சள்தான்."

ஜெசிந்தா புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"வெளிப்பாறையில நீரோட்டம் ஜாஸ்தி. அக்கா கையெழுத்து இல்லாம உங்களை அங்க கூட்டிட்டுப் போகமாட்டேன்."

ஆவுடையப்பன் கொடியருகே போய் நின்றார்.

"போட்டுரு செண்பகம். நாலு கையெழுத்து. ஒரு நிமிஷ வேலை."

"இதே மாதிரி தினமும் பத்துப் பேரு என் மேசைக்கு முன்னால வந்து நிக்காங்க. அவங்களாவது பையில நாலு ஆரஞ்சுப் பழம் கொண்டுவருவாங்க. நீங்க அதுவும் கொண்டுவரல."

"ஊருக்குப் போய்ச் சண்டை போட்டுக்கலாம்."

"சண்டை என்னத்துக்கு? நான் எப்பவும்போல நல்லாத்தான் இருக்கேன்." அவள் ஜெசிந்தாவிடம் திரும்பினாள். "அதை விடுங்க மாஸ்டர். எனக்கு மாஸ்க்கை மாத்திக் குடுங்க. இதுவும் ஒழுகுது."

"இது மூணாவதுக்கா."

"மூணும் ஒழுகுது. மூக்கு வரைக்கும் தண்ணி வந்துருது. ஊதி ஊதி வெளிய தள்ளவேண்டியிருக்கு."

ஜெசிந்தா மாஸ்க்கை எடுத்து, பட்டையைப் பின்னால் மாட்டாமல், செண்பகவல்லியின் முகத்தில் வைத்தாள். மூக்கால் மூச்சை இழுக்கச் சொன்னாள். கையை எடுத்தாள். மாஸ்க் கீழே விழாமல் முகத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"சரியாத்தான் இருக்கு."

"சரியா இருந்தா எப்படித் தண்ணி வருது?"

ஜெசிந்தா கொஞ்ச நேரம் செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நாளைக்குக் கேமரா வேண்டாம். அக்கா மாஸ்க்குல எப்போ தண்ணி வருதுன்னு பாத்துச் சொல்லுங்க."

"அதைப் பாக்கவா மாஸ்டர் கப்பல் ஏறி வந்தேன்?"

"ப்ளைட்ல வந்தோம்," என்றாள் செண்பகவல்லி.

மறுநாள் காலை வெறும் கையோடு இறங்கினார். முதல் ஐந்து நிமிடம் அவருடைய இரண்டு கைகளும் நெஞ்சுக்கு முன்னால் எதையோ பிடித்திருப்பதைப் போலவே இருந்தன. பிறகு கைகளைக் கட்டிக்கொண்டார். மனைவிக்குப் பக்கத்தில், அவள் முகம் தெரிகிற மாதிரி, கொஞ்சம் பக்கவாட்டில் நீந்தினார்.

அவள் மெதுவாகப் போகிறவள் என்பது அவருக்குத் தெரியாது. அவர் நாற்பது மீனைப் படம்பிடிக்கும் நேரத்தில் அவள் ஒரே பாறையைத்தான் பார்ப்பாள் போலிருக்கிறது. துடுப்பு மஞ்சள் நிறம்தான்.

வெறும் மணலுக்கு மேலே போனார்கள். மாஸ்க்கில் தண்ணீர் வரவில்லை.

ஒரு பொந்துக்கு முன்னால் அவள் நின்றாள். உள்ளே தடித்த விலாங்கு ஒன்று வாயைத் திறந்து வைத்திருந்தது. நூல் போன்ற கால்களோடு ஒரு சின்ன இறால் அதன் பல்லைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. ஆவுடையப்பன் ஒரு கணம்தான் அதைப் பார்த்தார். உடனே அவள் முகத்துக்குத் திரும்பிவிட்டார். மாஸ்க்கின் அடியில் தண்ணீர் ஒரு கோடுபோல வந்திருந்தது.

அவள் அண்ணாந்து, மூக்கால் ஊதி அதை வெளியே தள்ளினாள்.

அடுத்தது, கட்டைவிரல் அளவு ஆரஞ்சு மீன். தன் இடத்துக்குப் பக்கத்தில் வந்ததற்காக அவளை முட்ட வந்தது. அவர் இந்தத் தடவை மீனைப் பார்க்கவில்லை. அவள் கன்னத்தைப் பார்த்தார். கன்னம் மேலே ஏறியது. கண்ணோரத்தில் நான்கு கோடுகள் விழுந்தன. மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு அந்த இடத்தில் மடிந்தது. மடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போனது.

ஆமை ஒன்று பாறையில் முதுகைத் தேய்த்துச் சொறிந்துகொண்டது. தண்ணீர் மூக்கு வரை ஏறியது.

ஆவுடையப்பன் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். நடுவில் இரண்டு தடவை அவளுடைய காற்று அளவியை எடுத்துப் பார்த்தார். இரண்டாவது தடவை அவள் அவர் கையைத் தட்டிவிட்டு, அவருடையதை எடுத்துப் பார்த்தாள். அவருக்குத்தான் குறைவாக இருந்தது.

படகில் ஏறியதும், துடுப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"மாஸ்டர், மாஸ்க்குல கோளாறு இல்ல."

"பின்ன?"

"இவ சிரிக்கா."

செண்பகவல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "யாரு?"

"நீதான். சிரிச்சா கன்னம் ஏறுது. ரப்பர் விலகுது. தண்ணி உள்ள வருது."

"வாயில குழாயைக் கடிச்சுக்கிட்டு யாராவது சிரிப்பாங்களா?"

"பதினோரு தடவை சிரிச்ச."

"எதைப் பாத்து?"

"இறால், பல்லு விளக்கும்போது. அந்தக் குட்டி மீன் சண்டைக்கு வரும்போது. ஆமை சொறிஞ்சதுக்குத்தான் ஜாஸ்தி. என் காத்து உன்னைவிடக் குறைஞ்சுபோனதுக்கும் ஒருதடவை."

ஜெசிந்தா படகோட்டியிடம் ஏதோ சொல்லப் போவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செண்பகவல்லி துண்டை மடியில் வைத்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"பேனா இருக்கா?"

அன்றைய பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள்.

"மத்த நாலு பக்கம்?" என்றார் அவர்.

"அன்னைக்கு நான் உங்களைப் பாக்கல."

ஆவுடையப்பன் ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் புத்தகத்தை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலைல ஆறரை மணிக்குப் படகு," என்றாள். "கேமராவை எடுத்துட்டு வாங்க."

வெளிப்பாறைக்குப் படகில் ஒன்றேகால் மணி நேரம். கோயம்புத்தூர்ப் பெண்கள் இருவரும் வந்திருந்தார்கள். பதினாறு மீட்டர் ஆழத்தில், நீரோட்டம் இழுக்காத மறைவில், எல்லோரும் வரிசையாகக் காத்திருந்தார்கள். ஆவுடையப்பன் வலது கையில் கேமராவைப் பிடித்திருந்தார். இடது கையால் மனைவியின் முழங்கையைப் பிடித்திருந்தார்.

பத்து நிமிடம் போனது. வெறும் நீலம்தான். இருபது நிமிடம் போனது. ஜெசிந்தா எல்லோருடைய காற்றையும் ஒருமுறை சைகையால் கேட்டாள். இன்னும் ஐந்து நிமிடம் என்று விரல்களை விரித்துக் காட்டினாள்.

ஆவுடையப்பன் மனைவியின் காற்றைப் பார்க்கத் திரும்பினார். ஓடிக்கொண்டிருந்த கேமராவும் கூடவே திரும்பியது. அப்போது அவள் கன்னம் ஏறியது.

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே பார்த்தாள். மாஸ்க்கின் அடியில் தண்ணீர் வந்தது. கோடாக வரவில்லை. குபுகுபுவென்று வந்தது.

பின்னாலிருந்து, குழாயைக் கடித்துக்கொண்டே அந்தப் பெண்கள் கத்துவது கேட்டது.

அவர் திரும்பினால் போதும். கழுத்தைக்கூட முழுதாகத் திருப்ப வேண்டியதில்லை.

பாறையின் மேல் ஒரு நிழல் ஏறியது. அவருடைய கையின் மேல் ஏறியது. கேமராவின் மேல், பிறகு செண்பகவல்லியின் முகத்தின் மேல் ஏறியது. தண்ணீர் அவள் மூக்கைத் தாண்டிக் கண்ணுக்கு வந்துவிட்டது. அவள் ஊதவில்லை. அண்ணாந்தால் அது பார்வையிலிருந்து போய்விடும் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

ஆவுடையப்பன் அவள் முழங்கையை ஒருமுறை அழுத்தினார். நான் பிடித்திருக்கிறேன், ஊது என்பதுபோலத் தலையை நிமிர்த்திக் காட்டினார். அவள் ஊதினாள். தண்ணீர் போனது. கண் தெரிந்தது. கன்னம் ஏறியது. மறுபடி தண்ணீர் வந்தது. மறுபடி ஊதினாள். மூன்று தடவை.

அவர் திரும்பிப் பார்த்தபோது நீலம் மட்டும் இருந்தது.

படகில் ஒரே சத்தம்.

"அங்கிள், உங்க தலைக்கு மேலயே போச்சு. எடுத்தீங்களா?"

"எடுத்தேன்," என்றார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடை டிவியில் எல்லோரும் அவரவர் படத்தைப் போட்டார்கள். முதலில் கோயம்புத்தூர்ப் பெண்களுடையது. தூரத்தில் ஒரு சாம்பல் நிறத் துணி படபடத்துப் போவதுபோலத் திருக்கை வந்துபோனது. படம் ஆடியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்து ஆவுடையப்பனுடையது.

திரை நிறைய செண்பகவல்லியின் முகம். அதைத் தவிர வேறொன்றுமில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள் மெதுவாக இடமிருந்து வலமாகப் போயின. கண்ணோரத்தில் நான்கு கோடுகள். முகம் இருட்டாகி, பிறகு வெளிச்சமானது. தண்ணீர் ஏறியது, இறங்கியது. இரண்டாவது தடவை ஏறியபோது யாரோ சிரித்தார்கள். மூன்றாவது தடவை எல்லோரும் சிரித்தார்கள்.

"மான்டா எங்க அங்கிள்?" என்றாள் ஒருத்தி.

"ஏய், சும்மா இரு," என்றாள் அவள் தோழி. "இன்னொரு தடவை போடுங்க அங்கிள்."

இன்னொரு தடவை போட்டார்.

செண்பகவல்லி துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். காது சிவந்திருந்தது.

"மூக்குல தண்ணியோட. இதைப் போய் எடுத்திருக்கீங்க. யாரு எடுக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல," என்றார் அவர்.

பெண்கள் போனபிறகு ஜெசிந்தா டிவி ஒயரைச் சுற்றி எடுத்துவைத்தாள். ஆவுடையப்பன் அவள் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மாஸ்டர், எல்லாரும் பாத்தாங்க. நான் மட்டும் அதைப் பாக்கல. இவ்வளவு தூரம் வந்தும் பாக்காமலே போறேனே. இப்ப என்ன செய்ய?"

"பாத்தவங்க உங்க பக்கத்துலதானே இருந்தாங்க?"

"ஆமா."

"அவங்ககிட்ட கேளுங்க அண்ணாச்சி."

ஆவுடையப்பன் திரும்பினார்.

"எவ்வளவு பெருசு இருந்துச்சு செண்பகம்?"

செண்பகவல்லி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். தன் கைகளையே பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். கடையின் ஒரு சுவரையும் மறு சுவரையும் பார்த்தாள். அதுவும் சரிப்படவில்லை.

எழுந்து வாசலுக்கு வந்தாள். செருப்பை விட்டுவிட்டு மணலில் இறங்கினாள். குதிகாலால் ஒரு கோடு கிழித்தாள்.

"இங்க ஒரு றெக்கை நுனி," என்றாள்.

அங்கிருந்து எண்ணிக்கொண்டே நடந்தாள். அவர் அவள் பின்னாலேயே போனார்.

ஆறாவது அடியில் நின்றாள். திரும்பிக் கோட்டைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு இன்னும் ஓர் அடி எடுத்துவைத்தாள்.